பிரெட்ரிக் புரோபெல்

பிரெட்ரிக் வில்கெல்ம் ஆகஸ்ட் புரோபெல் (ஏப்ரல் 21, 1782 – ஜூன் 21, 1852) ஒரு ஜெர்மானியக் கல்வியாளர் ஆவார். கிண்டர்கார்டன் எனப்படும் மழலையர் கல்வி முறையைத் தோற்றுவித்தவர் இவரே. அச்சொல்லையும் இவரே உருவாக்கினார். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் தம் கைகளால் பொருட்களைப் பிரித்தும் சேர்த்தும் அடுக்கியும் மடித்தும் எண், வடிவம், சமநிலை, அழகு ஆகியவற்றைக் கற்கலாம் என்னும் கருத்தை நடைமுறைப்படுத்த, வரிசையாக அமைந்த மரக்கட்டைப் பெட்டிகளை இவர் வடிவமைத்தார். இவை புரோபெலின் பரிசுகள் என அழைக்கப்படுகின்றன. முதலில் இவை வீட்டில் தாயும் பிள்ளையும் சேர்ந்து பயன்படுத்துவதற்காகவே செய்யப்பட்டன.

குழந்தைகளுக்கான அறிவியல் பெட்டிகள், கட்டைகளை இணைத்து நிரல் எழுதும் கணினி மொழிகள் ஆகியவற்றின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்றால் பெரும்பாலும் புரோபெலின் பெட்டிகளில் வந்து சேரலாம். ஆயினும் தமது வாழ்நாளின் இறுதி ஆண்டில், பிரஷ்ய அரசு தமது பள்ளிகளை நாத்திகமும் சமவுடைமையும் பரப்புவன எனக் கூறித் தடை செய்ததை அவர் காண நேர்ந்தது. தடை நீங்குமுன் அவர் இறந்துவிட்டார்.

இளமைக்காலம்

புரோபெல் தூரிங்கியாவின் மலைக்காடுகளுக்கு இடையே உள்ள ஓபர்வைசுபாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் சுவார்ட்சுபர்க்-ருடோல்சுடாட் என்னும் சிறிய அரசின் பகுதியாக இருந்தது. தந்தை யோகான் யாகோப் புரோபெல் லூத்தரன் திருச்சபையின் போதகர். பிரெட்ரிக் பிறந்து ஒன்பது மாதங்களில் தாய் இறந்தார். 1785-இல் தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னைக்குச் சொந்தப் பிள்ளை பிறந்த பின்னர் பிரெட்ரிக் பெரிதும் கவனிப்பாரற்று வளர்ந்தார். திருச்சபைப் பணிகளில் மூழ்கியிருந்த தந்தைக்கும் அவருக்கும் நெருக்கம் இருக்கவில்லை. இக்காலத்தில் வீட்டுத் தோட்டமும் அதன் செடிகளுமே அவருக்குத் துணையாக இருந்தன. பிற்காலத்தில் குழந்தைப் பருவத்தில் தாயின் பங்கைப் பற்றி அவர் இடைவிடாது எழுதியதற்கும், தமது பள்ளிக்குத் தோட்டத்தின் பெயரைச் சூட்டியதற்கும் இவ்விளமைக் காலமே காரணம் என வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். இது ஓரளவு எளிமைப்படுத்தப்பட்ட விளக்கமே என்றாலும் முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று.

ஊரில் சிறுவர் பள்ளியும் சிறுமியர் பள்ளியும் தனித்தனியே இருந்தன. தந்தை அவரைச் சிறுமியர் பள்ளியில் சேர்த்தார். பத்தாம் வயதில், அதாவது 1792-இல், தாய்மாமன் ஹோப்மன் அவரைத் தம்மிடம் அழைத்துச் சென்றார். சுடாட்டில்ம் என்னும் ஊரில் மாமன் வீட்டில் கழித்த ஐந்து ஆண்டுகளே அவருடைய இளமையில் மகிழ்ச்சியான காலமாக அமைந்தன.

1797-இல் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். அவருக்குக் கற்பிக்க அந்த வனக்காவலருக்கு நேரம் இல்லை. ஆகவே கணிதத்தையும் தாவரவியலையும் கையில் கிடைத்த நூல்களைக் கொண்டு தாமே கற்றுக்கொண்டார். 1799-இல் யெனா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றுவந்த தமையனுக்குப் பணம் கொடுக்கச் சென்ற இடத்தில், தாமும் அங்கேயே தங்கிப் படிக்க இசைவு பெற்றார். இரண்டு ஆண்டுகளில் பணம் தீர்ந்தது. கடனைத் திருப்பித் தர இயலாமல் பல்கலைக்கழகச் சிறையில் சுமார் ஒன்பது வாரங்கள் அடைபட்டிருந்த பின், பட்டம் பெறாமலேயே 1801-இல் ஊர் திரும்பினார். அதன்பின் சில ஆண்டுகள் வன அலுவலக எழுத்தர், நில அளவையாளர், கணக்கர் எனப் பல வேலைகளைப் பார்த்தார்.

ஆசிரியப் பணி

1805-இல் கட்டடக்கலை பயிலும் எண்ணத்துடன் பிராங்க்பர்ட் நகருக்குச் சென்றார். அங்கே மாதிரிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக இருந்த காட்லீப் அன்டன் குரூனரின் அறிமுகம் கிடைத்தது. குரூனர், சுவிட்சர்லாந்தின் கல்விச் சீர்திருத்தவாதி பெஸ்டலோசியின் வழியைப் பின்பற்றியவர். அவர் வற்புறுத்தியதன் பேரில் புரோபெல் அப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். கட்டடக்கலையை அத்துடன் கைவிட்டார்.

பின்னர் ஹோல்சுகவுசன் குடும்பத்தின் மூன்று சிறுவர்களுக்குத் தனியாசிரியராகி, அவர்களுடன் 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தின் இவெர்டன் நகரில் பெஸ்டலோசியின் பள்ளியிலேயே தங்கினார். சொற்களை மனப்பாடம் செய்வதற்கு முன் பொருளைக் கண்ணால் காணவேண்டும், கையால் தொடவேண்டும் என்பது பெஸ்டலோசியின் அடிப்படைக் கொள்கை. புரோபெல் இதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் பாடங்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. காண்பதோடு நில்லாமல் குழந்தை தானே ஏதேனும் ஒன்றை ஆக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இருவருக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு இதுவே.

படிகவியல்

புரோபெலின் மரக்கட்டைகளைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை அறிய வேண்டும். 1811-இல் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும், 1812 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்திலும் அவர் இயற்கை அறிவியல் பயின்றார். பெர்லினில் அவருடைய ஆசிரியராக இருந்த கிறித்தியான் சாமுவேல் வைஸ், படிகங்களை அவற்றின் அச்சுகளைக் கொண்டு வகைப்படுத்திய முன்னோடி அறிவியலாளர். 1813-இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் லுட்சோ தன்னார்வப் படையில் சேர்ந்தார். போர்க்களத்தில் பெரிதாக எதுவும் நிகழவில்லை என்றாலும் வில்கெல்ம் மிட்டென்டார்ப், ஐன்ரிக் லாங்கெதால் ஆகிய இருவரின் நட்பு அங்கேதான் கிடைத்தது. இருவரும் பிற்காலத்தில் அவருடன் ஆசிரியர்களாகப் பணியாற்றினர்.

போரிலிருந்து திரும்பியபின், 1814 முதல் 1816 வரை பெர்லின் கனிம அருங்காட்சியகத்தில் வைசுக்கு உதவியாளராகப் பணியாற்றினார். அங்குள்ள படிகங்களை வகை பிரிப்பதும் ஒழுங்குபடுத்துவதும் அவர் வேலை. சில எளிய வடிவங்களிலிருந்து, திட்டமான விதிகளின்படி, எண்ணற்ற சிக்கலான வடிவங்கள் தோன்றுவதை அவர் நாள்தோறும் கண்டார். ஒரு முழு வடிவத்தைச் சில தளங்களில் வெட்டினால் வேறு வடிவம் கிடைக்கும் என்பதையும், வெட்டிய துண்டுகள் மீண்டும் முழுமையாகச் சேரும் என்பதையும் அவர் இங்கேதான் அறிந்தார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் செய்வித்த கனசதுரப் பெட்டிகள், ஒரு கனிமவியலாளர் செய்த பொம்மைகள் என்றே சொல்லத்தக்கவை.

கைல்கவு பள்ளி

1813-இல் இவருடைய தமையன் கிறிஸ்டோப், நோயுற்ற போர்வீரர்களைப் பராமரித்தபோது தொற்றிய காய்ச்சலால் இறந்தார். தந்தையை இழந்த அண்ணன் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொருட்டு புரோபெல் அருங்காட்சியகப் பணியைத் துறந்து, நவம்பர் 1816-இல் கிரீசுகைம் என்னும் ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அப்பள்ளி ருடோல்சுடாட் நகருக்கு அருகிலுள்ள கைல்கவு என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. 1818-இல் என்ரியெட்டே ஹோப்மைஸ்டர் என்பவரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

கைல்கவு பள்ளியில் மாணவர்கள் நூல்களைப் படிப்பதோடு மலையேறினர், தோட்டம் பயிரிட்டனர், மரத்தாலும் காகிதத்தாலும் பொருட்கள் செய்தனர். 1826-இல் புரோபெலின் முதன்மை நூலான 'மனிதனின் கல்வி' வெளிவந்தது. நடை மிகக் கடினமானது. விளையாட்டு குழந்தையின் உள்ளத்திலிருப்பதை வெளிக்கொணரும் செயல் என்றும், அது வெறும் பொழுதுபோக்கன்று என்றும் இந்நூலில் அவர் வாதிட்டார்.

அக்காலத்தில் ஜெர்மானிய அரசுகள் மாணவர் இயக்கங்களைக் கடுமையாகக் கண்காணித்து வந்தன. கைல்கவு பள்ளி கலகக்காரர்களை உருவாக்குவதாகப் பிரஷ்யா ஐயுற்றதால், உள்ளூர் அரசு 1824-இல் ஓர் ஆய்வாளரை அனுப்பியது. அவர் பள்ளியைப் பாராட்டியே அறிக்கை அளித்தார். இருப்பினும் ஐயம் பரவியதாலும் பணமுடையாலும் மாணவர் எண்ணிக்கை விரைவாகக் குறைந்தது. 1831-இல் புரோபெல் பள்ளியை நண்பர்களின் பொறுப்பில் விட்டு சுவிட்சர்லாந்து சென்றார். அங்கே வார்டென்சே, வில்லிசாவ் ஆகிய இடங்களில் பள்ளிகள் நடத்தியபின் புர்க்டார்ப் நகர அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். பள்ளி வயதை எட்டுமுன்பே குழந்தையின் கல்வி பெரிதும் முடிவாகிவிடுகிறது என்ற எண்ணம் அவருக்கு இக்காலத்தில் உறுதிப்பட்டது. அவ்வயதில் ஆசிரியர் இல்லை, வகுப்பறை இல்லை. வீடும் தாயும் மட்டுமே உள்ளனர். எனவே தாயின் கையில் என்ன கொடுப்பது என்பதே அவர் முன்னிருந்த கேள்வியாயிற்று.

பரிசுகள்

1836-இல் ஜெர்மனி திரும்பிய புரோபெல், மறு ஆண்டு கைல்கவுக்கு அருகிலுள்ள பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில், குழந்தைகளின் ஆக்கும் உந்துதலை வளர்ப்பதற்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 55. இந்நிறுவனம் முதலில் ஒரு பள்ளியாக இருக்கவில்லை. விளையாட்டுப் பெட்டிகளை வடிவமைத்து, அவற்றைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் தாள்களுடன் குடும்பங்களுக்கு அளிப்பதே அதன் பணி. 1838 முதல் இதற்கென ஒரு வார இதழையும் அவர் நடத்தினார்.

முதல் பரிசு, கம்பளி நூலால் பின்னிய ஆறு பந்துகள். சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு, பச்சை, ஊதா என ஆறு நிறங்கள். கயிற்றில் கட்டிய பந்தைத் தாய் ஆட்டுவார், மறைப்பார், மீண்டும் காட்டுவார். பேச்சு வராத குழந்தைக்கு இருப்பது, இல்லாமற்போவது, மேலே, கீழே, வேகம், நிறுத்தம் என்பவை இவ்வாறு அறிமுகமாகும்.

இரண்டாம் பரிசில் மரத்தாலான ஒரு கோளம், ஒரு கனசதுரம், ஒரு உருளை ஆகியவை இருக்கும். கோளம் எப்பக்கமும் உருளும். கனசதுரம் வைத்த இடத்தில் நிற்கும். உருளை நிற்கவும் செய்யும், உருளவும் செய்யும். கனசதுரத்தைக் கயிற்றில் கட்டி வேகமாகச் சுழற்றினால் கண்ணுக்கு ஓர் உருளை தோன்றும். ஒன்றுக்கொன்று எதிரான இரு வடிவங்களை மூன்றாவது வடிவம் இணைக்கிறது என்பதில் புரோபெல் ஆழ்ந்த தத்துவத்தைக் கண்டார். குழந்தைகள் தத்துவத்தைக் கண்டனரோ இல்லையோ, சுழலும் கட்டையை விரும்பினர்.

மூன்றாம் பரிசிலிருந்து கட்டட விளையாட்டு தொடங்குகிறது. இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்றை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் ஒவ்வொரு முறை வெட்டினால் எட்டு சிறிய கனசதுரங்கள் கிடைக்கும். அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்களைக் குழந்தை பெயர் தெரியாமலே கையில் பிடித்துப் பார்க்கிறது. நான்காம் பரிசும் அதே அளவுள்ள கனசதுரம்தான். ஆனால் அது 2 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் அரை அங்குலத் தடிமனும் உள்ள எட்டுச் செங்கல் வடிவத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். முந்தைய பெட்டியின் சிறு கனசதுரமும் இந்தச் செங்கல்லும் பார்வைக்கு வேறு. கன அளவில் சமம். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பதை இவ்விரண்டு பெட்டிகளும் சொற்களின்றி உணர்த்திவிடுகின்றன. செங்கற்களைச் சற்று இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தி முதலாவதைத் தள்ளினால் அனைத்தும் விழும் விளையாட்டும் இப்பெட்டிக்கு உரியது.

ஐந்தாம் பரிசு மூன்று அங்குலக் கனசதுரம். இதில் 27 ஓரங்குலக் கனசதுரங்கள் அடங்கும். அவற்றில் 21 முழுமையாக இருக்கும். மூன்று மூலைவிட்டத்தில் இரண்டிரண்டாகவும், மற்ற மூன்று நான்கு நான்காகவும் வெட்டப்பட்டிருக்கும். மொத்தம் 39 துண்டுகள். சாய்வான முகங்கள் வந்துவிட்டதால் கூரை, கோபுரம், பாலம் எல்லாம் கட்ட முடியும். செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் பற்றிய பித்தாகரசு தேற்றத்தைக் கூட இத்துண்டுகளைப் பரப்பிக் காட்டலாம். ஆறாம் பரிசு 27 செங்கற்களைக் கொண்டது. அவற்றில் 18 முழுமையானவை. மற்றவை தூண்களாகவும் சதுரத் துண்டுகளாகவும் வெட்டப்பட்டு மொத்தம் 36 துண்டுகளாக அமையும்.

இப்பெட்டிகளைப் பயன்படுத்துவதற்குச் சில விதிகள் இருந்தன. பெட்டியைக் கவிழ்த்து மேலே தூக்க வேண்டும். அப்போது மேசையில் முதலில் முழுக் கனசதுரமே தெரியும். எல்லாத் துண்டுகளையும் பயன்படுத்த வேண்டும். ஒதுங்கிக் கிடக்கும் துண்டையும் கட்டடத்தின் அருகில் ஏதேனும் ஒரு பொருளாகக் கருதி வைக்க வேண்டும். கட்டியதை இடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காமல், ஒன்றிரண்டு துண்டுகளை நகர்த்தி அடுத்த வடிவத்தை உருவாக்க வேண்டும். முடிவில் மீண்டும் கனசதுரமாக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். மூன்றாவது விதி கவனிக்கத்தக்கது. ஏற்கனவே இயங்கும் ஒன்றைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் பார்த்தபின் அடுத்த மாற்றத்துக்குச் செல்வது இன்று நிரல் எழுதுவோர் நாள்தோறும் பின்பற்றும் முறையாகும்.

குழந்தைகள் ஆக்கும் வடிவங்களைப் புரோபெல் மூன்றாகப் பிரித்தார். நாற்காலி, வீடு, கிணறு போன்றவை வாழ்வின் வடிவங்கள். பாதி, சமம், இரு மடங்கு என அடுக்கிக் காண்பவை அறிவின் வடிவங்கள். நம் ஊர் வாசற்கோலம் போல ஒரு நடுப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீராக விரிபவை அழகின் வடிவங்கள். ஒரே எட்டுக் கட்டைகள் முதலில் ஒரு வீடாகவும், பின் ஒரு பின்னக் கணக்காகவும், பின் ஒரு பூவாகவும் மாறும். அறிவியலையும் கணிதத்தையும் கலையையும் ஒரே செயலில் இணைக்க வேண்டும் என இக்காலத்தில் பேசப்படுவதை அவர் எட்டுக் கட்டைகளில் செய்து காட்டினார். ஒரே அளவான எட்டு மரக்கட்டைகள் இருந்தால் எவர் வீட்டிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.

கட்டைகளுக்கு அப்பால் வண்ணப் பலகைத் துண்டுகள், குச்சிகள், வளையங்கள் ஆகியவையும், காகிதம் மடித்தல், காகிதப் பட்டைகளைப் பாய்போல் முடைதல், களிமண் பிசைதல், தைத்தல் போன்ற கைவேலைகளும் இம்முறையில் இடம்பெற்றன. ஊறவைத்த பட்டாணியைக் குச்சிகளின் முனைகளில் செருகிக் கூண்டு போன்ற வடிவங்களைச் செய்வதும் இவற்றுள் ஒன்று. பட்டாணி காய்ந்ததும் மூட்டு இறுகிவிடும். ஆறாவதற்கு மேற்பட்ட பரிசுகளின் வரிசை எண்கள் அவருக்குப் பின் வந்தவர்களால் பலவாறு அமைக்கப்பட்டதால், நூலுக்கு நூல் வேறுபடுகின்றன.

கிண்டர்கார்டன்

பெட்டிகளைக் கொடுத்தால் மட்டும் போதாது, அவற்றைக் கொண்டு விளையாடத் தெரிந்தவர்களும் தேவை என்பதைப் புரோபெல் விரைவிலேயே உணர்ந்தார். 1839 மே மாதம் மனைவி என்ரியெட்டே இறந்தார். அதற்கடுத்த ஆண்டு, தமது நிறுவனத்துக்குக் கிண்டர்கார்டன் என்னும் பெயரைத் தேர்ந்தெடுத்தார். குழந்தைகளின் தோட்டம் என்பது இதன் பொருள். ஜூன் 28, 1840 அன்று பிளாங்கன்பர்க் நகர மண்டபத்தில் இது முறைப்படி தொடங்கப்பட்டது. பெயர் வெறும் உருவகம் அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தியும், எல்லோருக்கும் பொதுவான பாத்திகளும் கொண்ட உண்மையான தோட்டம் இம்முறையின் பகுதியாக இருந்தது.

1844-இல் தாய்மார்களுக்கான விரல் விளையாட்டுகளும் பாடல்களும் படங்களும் அடங்கிய நூலை வெளியிட்டார். இது அவருடைய பிற நூல்களை விட மிகப் பரவலாகப் பயன்பட்டது. பணம் எப்போதும் போதவில்லை. பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று விளையாடிக் காட்டிய முதியவரைப் பலர் கேலி செய்தனர். இளம்பெண்களை இப்பணிக்குப் பயிற்றுவித்ததும் அக்காலத்தில் எதிர்ப்புக்குள்ளானது. 1848-இல் ருடோல்சுடாட்டில் கூடிய ஆசிரியர் மாநாட்டிலும் அவருக்கு ஆதரவும் ஏளனமும் சேர்ந்தே கிடைத்தன.

1849-இல் லீபன்ஸ்டைன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பெர்தா பான் மாரென்கோல்ட்ஸ்-பியூலோ என்னும் உயர்குடிப் பெண்மணி அவருடைய முறையால் ஈர்க்கப்பட்டார். மறு ஆண்டு அருகிலுள்ள மரியென்டால் மாளிகையில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி அமைந்தது. 1851-இல் தம் மாணவியான லூயிசே லெவின் என்பவரைப் புரோபெல் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார்.

தடை

அத்திருமணம் நடந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 7, 1851 அன்று, பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் கார்ல் ஒட்டோ பான் ரவுமர் தம் நாட்டில் கிண்டர்கார்டன்களைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். இளைஞர்களிடையே நாத்திகத்தை வளர்ப்பதற்காக அமைந்த புரோபெலின் சமவுடைமை முறையின் ஒரு பகுதி கிண்டர்கார்டன் என்பது ஆணையில் கூறப்பட்ட காரணம்.

இதன் பின்னணியில் ஒரு பெயர்க் குழப்பம் இருந்தது. புரோபெலின் அண்ணன் மகன் கார்ல் புரோபெல், பெண்களுக்கான உயர்கல்வி நிறுவனங்கள் குறித்தும் கிண்டர்கார்டன் குறித்தும் 1849-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். அவர் ஹம்பர்க் நகரில் பெண்களுக்கான உயர்கல்வி நிறுவனத்தை நடத்தியவர். அரசியலில் தீவிரக் கருத்துகள் கொண்டவர். கார்லின் சகோதரர் யூலியசு புரோபெல், 1848 புரட்சியில் பங்கேற்று வியன்னாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் மன்னிக்கப்பட்டவர். யாருக்காகக் கைல்கவு பள்ளி தொடங்கப்பட்டதோ அதே அண்ணன் பிள்ளைகள் இவர்கள். பெரியவர்களானபின் சிற்றப்பாவுடன் கருத்து வேறுபாடு கொண்டு விலகியிருந்தனர். அமைச்சகம் அவர்களுடைய கருத்துகளையும் சிற்றப்பாவின் மரக்கட்டைகளையும் ஒன்றாகவே கருதியது.

புரோபெல் தாம் வேறு, தம் அண்ணன் மகன் வேறு என்பதை விளக்கி அமைச்சருக்கு எழுதினார். தமது முறையின் அடிப்படை சமய நம்பிக்கையே என்றும் எடுத்துரைத்தார். பயன் இல்லை. மன்னருக்கு அனுப்பிய விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை. குழப்பம் என்பது முழு விளக்கம் ஆகாது என்றே கொள்ள வேண்டும். தவறு சுட்டிக்காட்டப்பட்ட பின்னரும் ஆணை திரும்பப் பெறப்படவில்லை. 1848 புரட்சியை அடக்கிய அரசுக்கு, தாமே முடிவெடுத்துக் கட்டிப் பழகும் குழந்தைகளும், வீட்டுக்கு வெளியே தொழில் தேடும் பெண்களும் ஒருசேர ஐயத்துக்குரியவர்களாகத் தோன்றினர்.

தடை பிரஷ்யாவுக்கு மட்டுமே உரியது. மரியென்டால் பயிற்சிப் பள்ளி பிரஷ்ய எல்லைக்கு வெளியே இருந்ததால் தொடர்ந்து இயங்கியது. ஆனால் பெரிய நாடான பிரஷ்யாவில் தம் முறை வேரூன்றும் என்ற நம்பிக்கை புரோபெலுக்குப் போய்விட்டது. 1852 கோடையின் தொடக்கத்தில் கோத்தா நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டுக்கு அவர் வந்தபோது, அவையினர் எழுந்து நின்று அவரை வரவேற்றனர். சில வாரங்களில், ஜூன் 21 அன்று, மரியென்டாலில் காலமானார். சுவைனா என்னும் ஊரிலுள்ள அவர் கல்லறையின் மீது கனசதுரம், உருளை, கோளம் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லில் நிறுத்தப்பட்டுள்ளன. இது மிட்டென்டார்ப்பின் யோசனை.

1860-இல் தடை நீக்கப்பட்டது. இதற்கு மாரென்கோல்ட்ஸ்-பியூலோ அம்மையாரின் இடைவிடாத முயற்சி முக்கியக் காரணமாகும்.

பரவல்

தடையும் 1848-க்குப் பிந்தைய அடக்குமுறையும் இம்முறை வெளிநாடுகளுக்குப் பரவ உதவின. நாட்டை விட்டு வெளியேறிய ஜெர்மானியர்கள் இதனைத் தம்முடன் கொண்டு சென்றனர். ஹம்பர்க்கில் புரோபெலின் விரிவுரைகளைக் கேட்டிருந்த மார்கரெட்டே சூர்ஸ், 1856-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் தம் வீட்டிலேயே கிண்டர்கார்டன் தொடங்கினார். அவருடைய தமக்கை பெர்தா ரோங்கே லண்டனில் தொடங்கினார். 1860-இல் எலிசபெத் பீபாடி பாஸ்டன் நகரில் ஆங்கில வழியில் ஒன்றைத் தொடங்கினார். பீபாடியின் தூண்டுதலால், விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளரான மில்டன் பிராட்லி 1869 முதல் பரிசுப் பெட்டிகளைத் தயாரித்து விற்றார். 1873-இல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் புளோ அரசுப் பொதுப் பள்ளியில் கிண்டர்கார்டனை அமைத்தார். 1876-இல் டோக்கியோவிலும் ஒன்று தொடங்கப்பட்டது.

விமர்சனங்கள்

பரவிய வேகத்திலேயே இம்முறை இறுகியும் போனது. சீடர்கள் பலர், எந்தக் கட்டையை எப்போது எங்கே நகர்த்த வேண்டும் என்பதை ஆணையிட்டுச் செய்விக்கும் பயிற்சியாக இதனை மாற்றினர். மேசையில் வரையப்பட்ட ஓரங்குலக் கட்டங்களில் குழந்தைகள் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை வைத்தனர். புரோபெலின் விதிகளே இதற்கு ஓரளவு இடம் கொடுத்தன என்பதை மறுக்க இயலாது. ஓரங்குலக் கட்டைகளும் ஊசியால் குத்திப் படம் வரையும் வேலையும் சிறு விரல்களுக்கும் கண்களுக்கும் கடினமானவை என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டான்லி ஹால் முதலிய உளவியலாளர்கள் குறை கூறினர். பட்டி சுமித் ஹில் என்னும் ஆசிரியை பெரிய கட்டைகளைக் கொண்டுவந்து, குழந்தைகளைத் தரையில் விளையாட விட்டார். கோளம் முழுமையின் குறியீடு என்பன போன்ற தத்துவ விளக்கங்கள் காலப்போக்கில் உதிர்ந்தன.

தாக்கம்

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டின் தாய், 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் புரோபெலின் பரிசுகளைக் கண்டு, ஒன்பது வயது மகனுக்காக வாங்கினார். தம் கட்டடங்களில் அக்கட்டைகளின் பாதிப்பு உண்டென்று ரைட் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார். பார்வைக் குறைவுடன் பிறந்த பக்மின்ஸ்டர் புல்லர், கிண்டர்கார்டனில் பட்டாணியும் குச்சியும் கொண்டு முக்கோணங்களாலான கூண்டைச் செய்தார். மற்றப் பிள்ளைகள் கண்ணால் கண்ட வீடுகளைப் போலப் பெட்டி வடிவில் செய்தபோது, அவர் கைக்கு உறுதியாகப் பட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். பிற்காலத்தில் அவர் உருவாக்கிய கட்டுமானங்களின் அடிப்படையும் முக்கோணமே.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையில் அமைந்த குழு, வாழ்நாள் முழுவதுமான கிண்டர்கார்டன் என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டிக்கொண்டது. கட்டைகளுக்குள் கணினியைப் பொதித்து, அவற்றுக்குக் குழந்தைகளே கட்டளை எழுதும் ஆய்வுகளை அக்குழு செய்தது. 2007-இல் அது வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் நிரல் மொழியில், கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் தோன்றும். குழந்தைகள் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி அசைவூட்டமும் விளையாட்டும் செய்கின்றனர். பொருந்தாத கட்டைகள் சேரா என்பதால் எழுத்துப் பிழையால் நிரல் நின்றுபோவதில்லை. இம்முயற்சிகள் புரோபெலின் பரிசுகளின் தொடர்ச்சி என்று ரெஸ்னிக் தம் நூல்களில் குறிப்பிட்டுள்ளார். கணினித் திரையில் கட்டையின் எடையும் சமநிலையும் இல்லை என்பது உண்மையே. எனவே சிறு குழந்தைகளுக்கு மரக்கட்டைக்கு மாற்றாகத் திரையைக் கொள்வது புரோபெலின் முறைக்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என வழங்கும் வகுப்புப் பெயர்களிலுள்ள கே.ஜி. என்பது கிண்டர்கார்டன் என்பதன் சுருக்கமே. எழுத்தும் வீட்டுப்பாடமும் நிறைந்த அவ்வகுப்புகள் பலவற்றில் பெயரைத் தவிரப் புரோபெலுடையது எதுவும் எஞ்சவில்லை.

ஆனால் இதற்கு வெகு முன்னரே புரோபெலின் கைவேலைகளில் ஒன்று சென்னையில் ஆழமாகப் படிக்கப்பட்டது. தண்டலம் சுந்தர ராவ் என்பவர், கிண்டர்கார்டனின் எட்டாம் பரிசாக வழங்கிய காகித மடிப்பிலிருந்து தூண்டுதல் பெற்று, காகிதத்தை மடிப்பதன் மூலமே வடிவியலைக் கற்பிக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1893-இல் சென்னையில் அடிசன் நிறுவனம் இதனை வெளியிட்டது. ஒரு சதுரத் தாளில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், மேலும் பல பலகோணங்கள், கூம்பு வெட்டிகள் வரை அனைத்தையும் மடிப்புகளால் பெறும் வழிகளை இந்நூல் விளக்குகிறது. பெரும்பாலான பகுதிக்குத் தாளும் ஒரு சிறு கத்தியும் போதும். ஜெர்மானியக் கணிதவியலாளர் பெலிக்ஸ் கிளைன் தம் நூலொன்றில் இதனைக் குறிப்பிட்டதை அடுத்து, அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பீமன், சுமித் என்னும் அமெரிக்கப் பேராசிரியர்கள் சுந்தர ராவின் நூலைத் திருத்தி 1901-இல் சிகாகோவில் பதிப்பித்தனர். இந்நூல் பின்னரும் பலமுறை மறுபதிப்புக் கண்டுள்ளது.